கொடியேறிய பின் எல்லை தாண்டியவளுக்கு

கோபிக்காமல் கேட்கப்போகிற என் மச்சாள் தனுசாவுக்கு,

உன் அப்பா, என் மாமா, என்னை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நீ போன முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, உன் நினைவுப் புத்தகம், அடிக்கிறார்கள். பஞ்சபுராணம், உன் வாழ்க்கை வரலாறு, குடும்ப மரம் எல்லாம் முடிந்த பிறகு, "தோழியின் நினைவுகள்" என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கத்தை எனக்காக வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் நான் கதையை முடிக்கிற ஆளா என்று நீ சிரிப்பாய்.

அச்சகத்துக்காரர் சரிபார்க்கத் தந்த தாள்களையும் மாமா என்னிடம் கொடுத்தார். "எழுத்துப் பிழை இருந்தா வட்டம் போடு பிள்ளை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சுக்குப் போகுது" என்றார். மாமாவே கைப்பட எழுதிக் கொடுத்த உன் வரலாற்றில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "தன்னிலும் திறமை மிக்க மைத்துனி கீர்த்திகா ஆலயத் திருவிழாவை முன்னிட்டுத் தமது வாய்ப்பை விட்டுக்கொடுத்தமையாலேயே, தனுசாவுக்கு இளையோர் தேசிய அணியில் இடம் கிடைத்தது."

அந்த வசனத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா? முதல் தரம் வாசித்தபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும். உனக்காக அழுதழுது வீங்கிய கண்ணோடு இருந்துகொண்டுதான், என் பெயர் அச்சில் அப்படி வந்திருப்பதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. இருந்தது என்று எழுத மனம் வரவில்லை. இருக்கிறது.

பண்டத்தரிப்பில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். உன் அப்பா என் அம்மாவின் தம்பி. நீ பிறந்து நாற்பது நாளில் நான் பிறந்தேன். பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிக்கு நான் தலைவி, நீ எனக்குப் பக்கத்தில் ஓடுகிறவள். நான் கோல் அடிப்பேன், நீ பந்தைக் கொண்டுவந்து தருவாய். பரிசளிப்பில் கிண்ணத்தை நான் வாங்குவேன், நீ கை தட்டுவாய். அந்த ஒழுங்கு எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கூகுளில் உன் பெயரைத் தட்டினால் வருகிறாய். நம் இளையோர் பெண்கள் தேசிய அணியின் சர்வதேசப் போட்டிகளை எல்லாம் ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். வென்றதற்குப் பச்சை, சமநிலைக்கு மஞ்சள், தோற்றதற்குச் சிவப்பு. பக்கத்தைத் திறந்தால் மிளகாய் காயப்போட்ட பாய் மாதிரி இருக்கும். அந்தச் சிவப்பு வரிசைகளில் ஒன்றைத் தொட்டால் ஆட்ட விபரம் வரும். அதன் கடைசியில், மாற்று வீராங்கனைகளுக்குக் கீழே, உன் பெயர். மாமாவின் பெயரை முன்னுக்குப் போட்டு, உன் பெயரில் ஒரு எழுத்தையும் விழுங்கிவிட்டு எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் அது நீதான். என் பெயரைத் தட்டினால் நான் மருந்து எடுத்துக் கொடுக்கிற பாமசிகூட வராது.

எத்தனை கோலால் தோற்றீர்கள் என்பதை நான் இங்கே எழுதவில்லை. மாமாவும் கல்வெட்டில் அதைத் தவிர்த்துவிட்டார். "செத்தவீட்டுப் புத்தகத்தில உதெல்லாம் எதுக்கு" என்று மாமி சொன்னாவாம். ஆனால் எனக்கு அந்தத் தோல்வியிலும் பங்கு இல்லை என்பதுதான் எரிச்சல். நாட்டுக்காகத் தோற்றவள் என்று சொல்லிக்கொள்ள உனக்கு ஒரு ஆட்டம் இருந்தது.

உனக்கு ஒரு புதினம் சொல்ல வேண்டும். இந்தக் கிழமை உன் அணி மறுபடியும் வெளிநாட்டில் விளையாடுகிறது. உன் அணி என்று எழுதுகிறேன், பார். வடக்குப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் அரியாலைப் பிள்ளை ஒருத்திக்கு இடதுகால் உன்னைப் போலவே இருக்கிறது. நேற்று மத்தியானம் பாமசியில் ஆள் குறைந்த நேரம் போனில் பார்த்தேன். முதல் பாதிவரைக்கும் கோல் விடாமல் நின்றார்கள். பிறகு விட்டார்கள். பிரசருக்கு மருந்து வாங்க வந்த ஐயா ஒருவர், "என்ன பிள்ளை, கிரிக்கெட்டோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, பொம்பிளைப் பிள்ளையளின்ரை உதைபந்தாட்டம்" என்றேன். "வெல்லுறமோ?" என்றார். "இல்லை" என்றேன். அவர் மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் கடைசி விசில்வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தார். நீ இருந்திருந்தால் உனக்குத்தான் முதலில் போன் எடுத்திருப்பேன்.

சரி, திருவிழாக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கல்வெட்டை வாசிக்கப்போகிறவர்களுக்கு அதை ஒழுங்காகச் சொன்னவர்கள் யாருமில்லை.

உயர்தரம் படிக்கிற காலம். விளையாட்டு ரீச்சர் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னா, "எங்கடை பக்கத்திலையிருந்து முன்வரிசைக்கு ரெண்டு பேரைத் தெரிவுக்குக் கூப்பிட்டிருக்கினம். ஒராளைத்தான் எடுப்பினமாம். ரெண்டு பேரும் வாங்கோ, நான் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறன்." நாளைப் பார்த்தால் நம்முடைய பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குள் விழுந்திருந்தது. கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை ஊரெல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது நம்மூர்க் கட்டுப்பாடு. அதற்கு மேலே, ஏழாம் திருவிழா எங்கள் வீட்டு உபயம். தெரிவும் அதே நாள்.

நான் போகவில்லை. நீ போனாய்.

ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு பிள்ளை" என்று கோயில் மடப்பள்ளியில் வைத்து என் அம்மாவிடம் சொன்னார்கள். ஏழாம் திருவிழாவன்று பட்டுப்பாவாடை கட்டி, பூத்தட்டு ஏந்திக்கொண்டு சுவாமிக்கு முன்னால் வீதி சுற்றினேன். உன்னைப் பற்றிக் கதைத்தவர்கள் வேறு மாதிரிக் கதைத்தார்கள். கொடி ஏறிய பிறகு பந்தடிக்கப் போனவள் என்றார்கள். மாமி அந்த வருசம் தீர்த்தத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டா.

நீ தெரிவாகி வந்தாய். தேசிய அணியின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வேலியில் நாம் நுழைகிற பொட்டுக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாய். நான் வெங்காயத்தைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. "கோயில் இல்லாட்டி நானும் வந்திருப்பன், என்ன?" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, "ஓம் மச்சாள். நீ வந்திருந்தா என்னை எடுத்திருக்கமாட்டினம்" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அதை வைத்துத்தான் சீவித்தேன்.

பூட்டானில் நடந்த உன் ஆட்டத்தை நம் வீட்டு விறாந்தையில் எல்லாரும் கூடியிருந்து பார்த்தோம். முடிய கால் மணித்தியாலம் இருக்கும்போது உன்னை இறக்கினார்கள். மாமி கையெடுத்துக் கும்பிட்டா. நான் உன் காலில் பந்து படுவதை எண்ணினேன். ஐந்து தரம் பட்டது. ஐந்தாவது தரம் உனக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர ஒருவருமில்லை. நீ அடித்தாய், பந்து கம்பத்துக்கு வெளியால் போனது. எல்லாரும் "ஐயோ" என்றார்கள். நானும் "ஐயோ" என்றேன். ஆனால் தனு, எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டது துக்கத்தில் என்று மாமி நினைத்து என் முதுகைத் தடவிவிட்டா.

ஊருக்கு வந்து, "அந்த இடம் சரியான உயரம் மச்சாள், ஓட ஓட மூச்சு வாங்குது" என்று நீ சொன்னபோது, "சாட்டுச் சொல்லாதை" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

நாலு நாள் டெங்குக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இருபத்து நாலு வயது. உன் பழைய அணிப் பிள்ளைகள் கொழும்பிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்திருந்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் அழுதார்கள். மாமி தமிழில் அழுதா. பெட்டிக்கு மேல் உன் பதினேழாம் இலக்க ஜேர்சியை விரித்தார்கள். உன் காலடியில் நின்ற நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் செத்தால் எனக்கு மேல் எதை விரிப்பார்கள் என்று நினைத்தேன். செத்த உன்னைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

அங்கேதான் செல்லமக்காவின் கதையைக் கேட்டேன். கோயிலடியில் பூக்கட்டுகிற அந்த மனிசி, பந்தலுக்குள் கதிரையில் இருந்துகொண்டு பக்கத்தில் இருந்தவவிடம் சொன்னா, "அண்டைக்குக் கொடியேறினாப் பிறகு எல்லை தாண்டினவளெல்லோ. பிள்ளையார் சும்மா விடுவாரே? மற்றப் பெட்டையைப் பாருங்கோ, கோயிலே பெரிசெண்டு நிண்டவள். ஒரு குறையுமில்லாமல் இருக்கிறாள்."

மற்றப் பெட்டை நான். பின்னால்தான் நின்றேன். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோடா கொடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதனால்தான் மூன்றாம் பக்கத்து வசனம் என்னைத் தூங்கவிடவில்லை. அது அச்சில் வந்தால் செல்லமக்கா சொன்னதற்கு மாமாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் நல்ல பிள்ளை, நீ என் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனவள். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருடைய வீட்டு அலுமாரியிலும் அது இருக்கும்.

இன்று புதன்கிழமை, காலையில் மாமாவிடம் போனேன். "மாமா, இந்த வசனத்தை எடுத்துவிடுவம்" என்றேன்.

"ஏன் பிள்ளை?"

"அது வேண்டாம். என்னைப் பற்றி எதுக்கு அவளின்ரை கல்வெட்டில?"

"அது நான் இட்டுக்கட்டி எழுதேல்லை. அவள் தன்ரை வாயால சொன்னது. கேக்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவாள். மச்சாள் விட்டுத் தந்ததாலதான் எனக்குக் கிடைச்சது எண்டு. ஆசுப்பத்திரியில கிடக்கேக்கையும் அந்த நேர்ஸ் பிள்ளைக்குச் சொன்னவள். அவளின்ரை சொல்லை நான் வெட்டமாட்டன்."

நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் அவரிடம் கொட்டினேன். மாமா கேட்கிறாரில்லை என்றேன். அப்பா கதைக்கிற மனிதரில்லை என்பது உனக்குத் தெரியும். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்.

"தனுவுக்கு எல்லாம் தெரியும் பிள்ளை."

"என்ன தெரியும்?"

"கொழும்புக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு விடிய, பஸ்ஸுக்குப் போக முன்னம் இந்தக் கிணத்தடிக்கு வந்தவள். மாமா, மச்சாளை விடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன், தீர்த்தத்துக்கு முன்னம் கொண்டுவந்து விடுறன் எண்டு அழுதவள். நான் சொன்னன், நான் மறிக்கேல்லை. ஐயரிட்டையும் கேட்டிட்டன், படிக்கிற பிள்ளையள் போட்டு வரலாமாம். அவள்தான் மாட்டன் எண்டு நிக்கிறாள். தனு அதைக் கேட்டுக்கொண்டு நிண்டிட்டுப் போட்டாள்."

இதுதான் தனு, யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்தது. அப்பா என்னைப் போகச் சொன்னார். முதல்நாள் பின்னேரமே பயணப்பையை இறக்கித் தட்டி வைத்தார். நான்தான் தெய்வக் குற்றம் என்றேன். கோயிலைச் சாட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முந்தின கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் நாம் இரண்டு பேரும் மட்டும் பயிற்சி செய்தோமே, அன்றைக்கு நீ என்னைத் தாண்டிப் போனாய். ஒரு தரம் என்றால் விட்டிருப்பேன். பந்தோடு வந்த பத்துத் தரமும் போனாய். உனக்கு அது விளங்கவில்லை. "உனக்கு இண்டைக்கு உடம்பு ஏலாதோ மச்சாள்?" என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நீ என்னைவிட நன்றாக விளையாடத் தொடங்கிவிட்டாய், அவ்வளவுதான். கொழும்புக்கு வந்தால் உன்னைத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்து தோற்பதைவிட, வராமல் இருந்து கெட்டிக்காரியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

அதையெல்லாம் நீ அறிந்திருந்தாயா? அப்பா சொன்னது உனக்குத் தெரியும். நான் பயந்ததும் தெரியுமா? தெரிந்துகொண்டுதானா அன்று என் முகத்தைப் பார்த்து "ஓம் மச்சாள்" என்றாய்? ஆறு வருசமாக ஊரெல்லாம் எனக்காகப் பொய் சொல்லித் திரிந்தாயே, ஒருநாளாவது உனக்குக் கோபம் வரவில்லையா?

பார், உன்மேல் பொறாமைப்பட எனக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. விட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு. விட்டுக்கொடுத்தது நீ. அதிலும் என்னைத் தாண்டிப் போய்விட்டாய்.

இதுவரை புதன்கிழமை எழுதியது. இன்று வியாழன். காலையில் மறுபடியும் மாமாவிடம் போனேன். மாமி உள்ளே படுத்திருந்தா. மாமா உன் படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா விட்டதை, ஐயர் சொன்னதை, மைதானத்தில் பத்துத் தரம் நீ தாண்டியதை. "நான் கோயிலுக்காக நிக்கேல்லை மாமா. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி எண்டு கண்டிட்டன். பயந்துபோய் நிண்டனான்" என்றேன்.

அவர் ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. கையில் இருந்த பழைய பூவைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"அப்ப… அவள் தன்ரை கெட்டித்தனத்திலையோ பிள்ளை போனவள்?"

"ஓம் மாமா."

"நீ வந்திருந்தாலும் அவளைத்தான் எடுத்திருப்பினமோ?"

"ஓம் மாமா. அவளைத்தான்."

கதிரையில் இருந்தார். "நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லேல்லை" என்றார். "பேப்பரில படம் வந்த அண்டைக்கும், மச்சாளுக்கு நன்றி சொல்லு எண்டுதான் சொன்னனான். வேற ஒண்டும் சொல்லேல்லை."

தனு, எனக்கு நீ தந்த பொய்யின் விலை இதுதான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பெயரைக் காப்பாற்ற நீ உன் அப்பாவின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய ஒரு சொல்லை விட்டுக்கொடுத்திருக்கிறாய். அவர் உன்னை மற்றவளின் மிச்சத்தில் போனவளாகவே பார்த்திருக்கிறார். அதையும் தாங்கிக்கொண்டு நீ சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். இதற்கு மன்னிப்புக் கேட்க ஒரு சொல்லும் என்னிடம் இல்லை.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து அந்த வசனத்தை வெட்டினார். வெட்டிவிட்டு வேறு ஏதோ எழுதப் பார்த்தார், கை ஓடவில்லை. தாளை என்னிடம் நீட்டினார். "நீ எழுது. நீதானே பக்கத்தில நிண்டு கண்டனீ" என்றார்.

எழுதினேன். "தனுசா தனது திறமையினாலேயே தேசிய அணிக்குத் தெரிவானார்." ஆறே சொல்தான். எழுதும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. எரிய எரியத்தான் எழுதினேன்.

மாமா அதை வாங்கி, ஒருதரம் மனதுக்குள் வாசித்தார். பிறகு படத்துக்கு முன்னால் போய் நின்று உரத்து வாசித்தார். உள்ளே படுத்திருந்த மாமி எழும்பி வாசலுக்கு வந்து, "இன்னொருக்கா வாசியுங்கோ" என்றா.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வாசிக்கும்போது ஊரே உங்கள் முற்றத்தில் இருக்கும். செல்லமக்காவும் முன்வரிசையில் இருப்பா. என் பக்கமான இந்தக் கடிதத்தை வேறு ஒருவரிடமும் வாசிக்கக் கொடுக்கமாட்டேன். நானே எழும்பி நின்று, ஒரு சொல் விடாமல், என் பெயரையும் சொல்லி வாசிப்பேன். பயந்தது நான், எல்லை தாண்டியது நீ என்று எல்லாரும் கேட்க வாசிப்பேன். இது சத்தியம். இந்த முறை எந்தக் கோயிலையும் சாட்டுச் சொல்லமாட்டேன்.

உன்னைப் பார்த்து எரிந்துகொண்டே இருக்கப்போகிற,
உன் அத்தையின் மகள், நாற்பது நாள் இளையவள்,
உன் மச்சாள் கீர்த்திகா